1866இல் ‘ஜெர்மனி நாணயம்’ என்று ஒன்று இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளி விலை ஏறியிருப்பதை ஒட்டி, வீடுகளில் பெட்டிக்குள் கிடக்கும் பழைய வெள்ளிப் பொருட்களையும் வெளிநாட்டு வெள்ளிக் காசுகளையும் எடைபோட்டு விற்பது எப்படி என்று விளக்கும் கட்டுரை ஒன்று, கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வெளியாகியிருந்தது. சேதாரம், மாற்று, கடைக்காரர்கள் கழிக்கும் விகிதம் ஆகியவற்றைப் பற்றி அதில் சொல்லப்பட்டவை பயனுள்ளவை. அவற்றில் எனக்குக் குறை ஏதும் இல்லை. ஆனால் கட்டுரையோடு அச்சிட்டிருந்த படத்தின் கீழே, அது ஜெர்மனி நாட்டின் 1866ஆம் ஆண்டு வெள்ளி நாணயம் என்றும், எடை 18.5 கிராம் என்றும், உருக்கினால் நல்ல விலை கிடைக்கும் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். 1866ஆம் ஆண்டில் ஜெர்மனி என்ற பெயரில் நாணயம் அடித்த நாடு எதுவும் இல்லை. அன்றைய ஜெர்மன் நிலப்பரப்பு பல தனித்தனி அரசுகளாக இருந்தது. அந்தக் காசு அவற்றுள் பிரஷ்யாவினுடையதாக இருக்கலாம். சாக்சனி, பவேரியா, ஹானோவர் ஆகியவற்றுள் ஒன்றினுடையதாகவும் இருக்கலாம். எந்த அரசு அதை அடித்தது என்பது அதன் மேலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் உருக்கச் சொல்வது, உறையின் மேலுள்ள முகவரியைக்கூடப் பார்க்காமல் கடிதத்தை அடுப்பில் போடச் சொல்வதற்கு ஒப்பாகும்.

நான் இயந்திரப் பொறியாளராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் ஒன்பது ஆண்டுகள் வட ஜெர்மனியின் ஹானோவர் நகரில் குடும்பத்தோடு வசித்தேன். அங்கே சனிக்கிழமைதோறும் லைனே ஆற்றங்கரையில் பழம்பொருள் சந்தை கூடும். பீங்கான் தட்டுகள், நின்றுபோன கடிகாரங்கள், பழைய அஞ்சலட்டைகள் ஆகியவற்றுக்கு நடுவே, துணி விரித்த மரத்தட்டில் வெள்ளிக் காசுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு சில முதியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் எதிரில் நின்று, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் இந்தக் காசுகளைப் படிக்கக் கற்றேன். அந்தப் பொறுமைக்கு நான் பட்ட கடனும் இக்கடிதத்திற்கு ஒரு காரணம்.

தாலர் என்பது அந்த அரசுகள் அடித்த பெரிய வெள்ளிக் காசு. என்னிடம் உள்ள தாலர்களில் இரண்டை எப்போதும் அடுத்தடுத்தே வைத்திருக்கிறேன். முதலாவது 1866ஆம் ஆண்டினது. அதில் ஹானோவர் அரசர் ஐந்தாம் கியோர்கின் தலை பொறிக்கப்பட்டிருக்கிறது. இளம் வயதிலேயே கண்பார்வையை முற்றிலும் இழந்துவிட்டவர் அவர். தம் முகம் பொறித்த காசை விரல்களால் தடவித்தான் அவர் அறிந்திருக்க முடியும். கழுத்தின் வெட்டுக்குக் கீழே, உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமலே தெரியும் அளவில், ஆங்கில ‘பி’ (B) எழுத்து ஒன்று இருக்கிறது. ஹானோவர் நாணயச்சாலையின் அடையாளம் அது. விளிம்பைச் சுற்றி லத்தீனில் அந்த அரச குடும்பத்தின் வாசகம் ஓடுகிறது: ‘இடர்களும் எம்மை அஞ்சச் செய்யா.’ இரண்டாவது தாலர் 1867ஆம் ஆண்டினது. எடை, பருமன், குறுக்களவு எல்லாம் முதலாவதைப் போன்றவையே. கழுத்தின் கீழுள்ள எழுத்தும் அதே ‘பி’தான். ஆனால் தலை பிரஷ்ய அரசர் முதலாம் வில்ஹெல்மினுடையது. விளிம்பில் ‘கடவுள் எங்களோடு’ என்னும் பிரஷ்ய வாசகம். இந்த இரண்டு காசுகளுக்கும் இடையில் ஒரு போர் நடந்து முடிந்திருக்கிறது. 1866 ஜூன் 27 அன்று லாங்கென்சால்சா களத்தில் ஹானோவர் படை பிரஷ்யரைப் பின்வாங்கச் செய்தது. ஆயினும் எதிரிகளால் சூழப்பட்டு இரண்டே நாளில் சரணடைந்தது. செப்டம்பரில் பிரஷ்யா அந்த நாட்டையே தன்னோடு இணைத்துக்கொண்டது. கண்ணிழந்த அரசர் ஆஸ்திரியாவில் தஞ்சம் புகுந்தார். நாணயச்சாலை இருந்த இடத்திலேயே இருந்து, புதிய அரசரின் தலையை அடிக்கத் தொடங்கியது. வரலாற்று நூலில் ஒரு பத்தியாக வரும் இந்தச் செய்தியை, இரண்டு காசுகளை ஒரே உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும்போது உணர்வதுபோல வேறு எவ்வகையிலும் நான் உணர்ந்ததில்லை.

எடையைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த நாணயங்களைப் பொறுத்தவரை எடைதான் முதல் வாசகம். தங்கள் கட்டுரை குறிப்பிட்ட அந்த 18.5 கிராம் எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், கட்டுரையாளருக்கு ஒரு நூற்றாண்டின் கதையே கிடைத்திருக்கும். 1857ஆம் ஆண்டு வியன்னாவில் ஆஸ்திரியாவும் ஜெர்மன் அரசுகளும் நாணய உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. 500 கிராம் கொண்ட ஒரு சுங்கப் பவுண்டு தூய வெள்ளியிலிருந்து 30 தாலர் அடிக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆயிரத்துக்கு 900 பங்கு தூய்மையில் கணக்கிட்டால் ஒவ்வொரு தாலரும் 18.52 கிராம் வரும். அதில் தூய வெள்ளி 16.67 கிராம். ஒன்றியத் தாலர் என்று பெயர் பெற்ற அந்தக் காசுகளில் இந்தக் கணக்கு ‘முப்பது, ஒரு பவுண்டு தூயது’ என்று ரோமானிய எண்ணோடு வெளிப்படையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். காசைக் கையில் வாங்கும் குடியானவருக்கும் வணிகருக்கும் அதில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று அரசே எழுதிக் கொடுத்த உறுதிமொழி அது. நம் நகைக்கடைகளில் நகையின் உட்புறம் குத்தும் மாற்று முத்திரையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

இதற்கு முந்தைய தலைமுறைக் காசு ஒன்று எனக்கு இதைவிடவும் பிரியமானது. அன்றைய ஜெர்மன் நிலப்பரப்பின் வடக்கே தாலர் கணக்கு. தெற்கே குல்டன் கணக்கு. வடக்கிலிருந்து சரக்கோடு தெற்கே போகும் வணிகர் ஒவ்வொரு எல்லையிலும் மனக்கணக்குப் போட வேண்டியிருந்தது. வடக்கிற்குள்ளேயே சில்லறைக் கணக்கு வேறுபட்டது: பிரஷ்யாவின் ஒரு வெள்ளி குரோஷனுக்கு 12 பெனிக். பக்கத்துச் சாக்சனியில் ஒரு புதிய குரோஷனுக்கு 10 பெனிக். 1837இல் மியூனிக்கில் தென்னக அரசுகள் கூடித் தங்கள் குல்டனை ஒழுங்கு செய்தன. அடுத்த ஆண்டு டிரெஸ்டனில் வடக்கும் தெற்கும் உடன்பட்டு, இரு பக்கமும் செல்லக்கூடிய ஒரு பெரிய காசை வகுத்தன. அதன் முகப்பில் இரண்டு மதிப்புகள் சேர்ந்தே எழுதப்பட்டன: 2 தாலர்; மூன்றரை குல்டன். நடுவில் ‘ஏழு, ஒரு தூய மார்க்’ என்ற வாசகம். இங்கே மார்க் என்பது பிற்காலத்தில் ஜெர்மன் பணமாக வந்த மார்க் இல்லை. கொலோன் நகரத்து எடை அளவு, ஏறத்தாழ 234 கிராம். அந்த எடைத் தூய வெள்ளியில் ஏழு காசு அடித்தால், வடக்கின் விதிப்படி 14 தாலர் ஆகிறது. தெற்கின் விதிப்படி இருபத்து நான்கரை குல்டன் ஆகிறது. இரண்டு விதிகளும் பிசகாமல் ஒரே காசில் வந்து சேருகின்றன. 37 கிராமுக்குச் சற்றுக் கூடுதலான அந்தக் கனத்த வெள்ளியைக் கையில் ஏந்தும்போதெல்லாம், அரசியல் ஒற்றுமைக்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே தராசுத் தட்டில் ஓர் ஒற்றுமையைக் கண்டுபிடித்த அந்தக் கணக்கர்களை வணங்கத் தோன்றுகிறது. பெயர் தெரியாத அவர்களுக்கு இந்தக் காசைத் தவிர வேறு நினைவுச்சின்னம் இருப்பதாக நான் அறியவில்லை.

தாலர் என்ற பெயரே ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்தது என்பதைத் தங்கள் வாசகர்களில் சிலர் அறிந்திருப்பார்கள். போஹீமியாவின் யோவாகிம்ஸ்தால் பள்ளத்தாக்கில் வெள்ளிச் சுரங்கம் பெருகியபோது, அங்கிருந்த ஷ்லிக் பிரபுக்கள் 1520ஆம் ஆண்டை ஒட்டிப் பெரிய வெள்ளிக் காசுகளை அடித்தார்கள். யோவாகிம்ஸ்தாலர் என்ற நீண்ட பெயர் தேய்ந்து தாலர் ஆயிற்று. அமெரிக்காவின் டாலரும் அதே வேரிலிருந்து முளைத்ததுதான். 1566இல் ஆக்ஸ்பர்க்கில், ஜெர்மன் அரசுகளை உள்ளடக்கிய அன்றைய புனித ரோமப் பேரரசின் மன்றம் தாலரின் எடையை நிர்ணயித்தது. ஆனால் பேரரசு விதித்த எடையை அதன் உறுப்பு அரசுகள் எல்லாக் காலமும் மதிக்கவில்லை. முப்பதாண்டுப் போரின் தொடக்கத்தில், 1619 முதல் 1623 வரையிலான ஆண்டுகளில், போர்ச் செலவுக்குப் பணம் தேடிய அரசுகள் சில்லறைக் காசுகளில் செம்பை மிகுதியாகக் கலந்து அடித்துத் தள்ளின. நல்ல காசுகளைத் தராசில் போட்டுப் பொறுக்கி, கனமானவற்றை உருக்கி, மட்டமானவற்றை மக்களிடம் தள்ளிவிடும் தொழில் ஒன்றே அப்போது உருவாகிவிட்டது. தராசு சாய்வதையும் ஆடுவதையும் குறிக்கும் ‘கிப்பர், விப்பர்’ என்ற சொற்களாலேயே அந்தக் காலத்தை ஜெர்மானியர் இன்றும் அழைக்கிறார்கள். எடையை மட்டும் பார்த்து நல்ல காசை உருக்கிய ஒரு காலத்தை அந்த மக்கள் தங்கள் மொழியில் வசைச்சொல்லாகவே நிலைநிறுத்திவிட்டார்கள் என்பதைத் தங்கள் கட்டுரையாளரின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

ஒரே ஒரு காசை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். பவேரியாவின் அரசர் முதலாம் லுட்விக், தம் ஆட்சியில் நடந்த முக்கிய நிகழ்ச்சிகளையெல்லாம் தாலரின் பின்பக்கத்தில் பொறிக்கச் செய்தார். வரலாற்றுத் தாலர்கள் என்று இவற்றைச் சேகரிப்பாளர்கள் அழைப்பார்கள். பல்கலைக்கழகம் லாண்ட்ஷூட்டிலிருந்து மியூனிக்குக்கு மாறியது, சுங்க ஒன்றியம் ஏற்பட்டது, 1835இல் நியூரம்பெர்க்கிலிருந்து ஃபியூர்த்துக்கு நீராவி ரயில் ஓடியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாலர் உண்டு. கண்ணாடி வில்லைகளைக் கடைந்து ஒளியியலை வளர்த்த ஃபிராவுன்ஹோஃபர் 1826இல் இறந்தபோது, அதே ஆண்டில் மறைந்த பொறியாளர் ரைஹென்பாக்கோடு சேர்த்து அவருக்கும் ஒரு தாலர் அடிக்கப்பட்டது. ஒரு கைவினைஞரின் மகனுக்கு அரசரின் காசில் இடம் கிடைத்ததைப் பொறியாளனாகிய நான் மனநிறைவோடு நினைத்துக்கொள்வதுண்டு.

அந்த வரிசையில் 1828ஆம் ஆண்டுத் தாலர் தனிச் சிறப்புடையது. முன்பக்கம் அரசர். பின்பக்கத்தின் நடுவில் அரசி தெரேசாவின் தலை. அதைச் சுற்றி மாலை கோத்தாற்போல எட்டுப் பிள்ளைகளின் சிறிய தலைகள். ‘வானத்தின் ஆசி’ என்ற வாசகம். ஆசித் தாலர் என்றே அதற்குப் பெயர். 1810இல் இந்த அரசியின் திருமணத்தை ஒட்டி நடந்த கொண்டாட்டம்தான் இன்றைய மியூனிக் அக்டோபர் திருவிழாவின் தொடக்கம். அந்தச் சிறு தலைகள் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியவை. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், மூத்தவன் மாக்ஸிமிலியனின் வாலிப முகமும், அன்றைக்குப் பதின்மூன்று வயதான ஓட்டோவின் முகமும், ஏழு வயதுச் சிறுவன் லூயிட்போல்டின் முகமும் தனித்தனியே தெரியும். இந்த மூன்று பிள்ளைகளையும் பிற்காலக் காசுகளில் பின்தொடர்ந்து போகலாம். ஓட்டோ 1832இல் புதிய கிரேக்க நாட்டின் முதல் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதைத் தந்தையின் வேறொரு தாலர் சொல்கிறது. மாக்ஸிமிலியன் 1848இல் தந்தைக்குப் பின் அரசராகித் தம் முகத்தோடு ஒன்றியத் தாலர்களை வெளியிட்டார். லூயிட்போல்டின் முகம்தான் நெடுநாள் காத்திருந்தது. 1911இல், தொண்ணூறு வயது நிறைந்த தாடிக்காரப் பெரியவராக, பவேரியாவின் ஆட்சிப் பொறுப்பாளராக, அவர் இரண்டு மார்க், மூன்று மார்க், ஐந்து மார்க் வெள்ளிகளில் தோன்றுகிறார். தாயின் அருகே ஏழு வயதுச் சிறுவனாக இருந்தவரைத் தொண்ணூறு வயதில் மறுபடியும் சந்திக்க இந்த இரண்டு காசுகளும் போதும். 28 கிராம் எடையுள்ள ஆசித் தாலரை உருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 23 கிராம் தூய வெள்ளி.

1871இல் இந்த அரசுகள் இணைந்து ஜெர்மன் பேரரசு உருவான பிறகும் இந்தப் பன்மை முழுவதும் அழிந்துவிடவில்லை. ஒரு மார்க்கும் அதற்குக் கீழான சில்லறையும் எங்கும் ஒரே மாதிரி. ஆனால் இரண்டு மார்க் முதலான பெரிய வெள்ளிகளில் ஒரு பக்கம் பேரரசின் கழுகும், மறுபக்கம் அந்தந்த அரசின் மன்னரும் இடம்பெற்றார்கள். மன்னர் இல்லாத மூன்று குடியரசு நகரங்கள் தங்கள் சின்னங்களைப் பொறித்தன: ஹாம்பர்குக்குக் கோட்டை வாயில், பிரேமனுக்குச் சாவி, லியூபெக்குக்கு இருதலைக் கழுகு. ராய்ஸ் என்ற மிகச்சிறிய அரசில் ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் ஹைன்ரிஹ் என்ற ஒரே பெயரைத்தான் வைத்தார்கள். ஆகவே அதன் இரண்டு மார்க் வெள்ளியில் இருபத்திரண்டாம் ஹைன்ரிஹ் இருக்கிறார். கழுகின் கீழேயோ மன்னரின் கீழேயோ உள்ள எழுத்து நாணயச்சாலையைக் காட்டும்: ‘ஏ’ என்றால் பெர்லின், ‘டி’ (D) என்றால் மியூனிக், ‘எஃப்’ என்றால் ஷ்டுட்கார்ட், ‘ஜே’ என்றால் ஹாம்பர்க். இந்த எழுத்தையும் ஆண்டையும் முகத்தையும் சேர்த்துப் படிப்பவருக்குத்தான் கையில் இருப்பது எளிதில் கிடைப்பதா, அரிதானதா என்பது தெரியும்.

இனி உருக்குவதைப் பற்றி. இந்தக் காசுகளில் பெரும்பகுதி ஏற்கெனவே உருகிப்போய்விட்டது. பேரரசு தங்கத்தை அடிப்படையாகக் கொண்ட மார்க்குக்கு மாறியபோது, 1873க்குப் பின் பழைய அரசுகளின் வெள்ளிக் காசுகளைத் திரும்பப் பெற்று, உருக்கி, லண்டன் சந்தையில் விற்றது. 1879இல்தான் பேரரசின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் அந்த விற்பனையை நிறுத்தினார். இது நமக்குத் தொடர்பில்லாத அயல்நாட்டுச் செய்தி என்று யாரும் எண்ண வேண்டாம். அமெரிக்கச் சுரங்கங்களின் புதிய வெள்ளியும், பிரான்சும் அதன் கூட்டாளி நாடுகளும் வெள்ளிக் காசு அடிப்பதைக் கட்டுப்படுத்தியதும், ஜெர்மனி விற்ற வெள்ளியும் சேர்ந்து உலகெங்கும் வெள்ளியின் விலையைச் சரித்தன. நம் ரூபாய் அன்று வெள்ளி ரூபாய். 1870களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் பணத்தில் ஏறக்குறைய இரண்டு ஷில்லிங் பெற்ற ஒரு ரூபாய், 1892–93இல் ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ் அளவுக்கு இறங்கியது. பிரிட்டனுக்குத் தங்கக் கணக்கில் ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய தொகைக்காக இந்திய அரசு மேலும் மேலும் ரூபாய் திரட்ட வேண்டியதாயிற்று. 1893இல் தனியார் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துத் தருவதையே நிறுத்திவிட்டார்கள். தாலர்கள் அங்கே உருகியதன் சுமையில் ஒரு பங்கு இங்கே வரி கட்டியவர் தலையில் இறங்கியது. அந்த உலைக்குத் தப்பிய காசு ஒன்று நம் ஊர் வீட்டுப் பெட்டியில் இன்று கிடக்கிறதென்றால், அதை மறுபடியும் உலைக்கு அனுப்புமாறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உருக்குவது ஒரு கேடு என்றால், தேய்ப்பது அதற்கு அடுத்த கேடு. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு; ஏனெனில் அந்த இழப்பு என் வீட்டிலேயே நேர்ந்தது. விடுமுறைக்கு வந்தபோது சாக்சனி அரசர் யோஹானின் தாலர் ஒன்றைக் கொண்டுவந்து பூஜை அறை மாடத்தில் வைத்திருந்தேன். நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் அதன்மேல் படிந்திருந்த நிறம் ஓரத்தில் கருநீலமாகவும், நடுவில் மங்கிய சாம்பலாகவும், அரசரின் தலைமயிர் மடிப்புகளில் கருமையாகவும் இருந்தது. வெள்ளி விளக்கைத் துலக்கும்போது என் தாயார் அந்தக் காசையும் எடுத்து, விபூதி போட்டு, ஈரத்துணியால் தேய்த்து, பளபளவென்று மறுபடியும் மாடத்தில் வைத்துவிட்டார். ‘மகன் தூர தேசத்திலிருந்து கொண்டுவந்த காசு, கறுத்துக் கிடக்கலாமா?’ என்ற அன்பைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அவரிடம் முன்கூட்டிச் சொல்லி வைக்காதது என் தவறு. திரும்பிப் போனதும் சந்தையில் ஒரு பெரியவரிடம் அதைக் காட்டினேன். அவர் காசை விளக்கின் கீழ் ஒருமுறை சாய்த்தார். பரப்பெங்கும் மயிரிழை போன்ற கீறல்கள் ஒரே திசையில் மின்னின. ‘துலக்கப்பட்டது’ என்று பொருள்படும் ஒரே சொல்லைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த நிறத்தை இனி யாராலும் மீட்டுத் தர முடியாது. ஆகவே விபூதி, புளி, பற்பசை, சமையல் சோடா, கடைகளில் விற்கும் வெள்ளி பாலிஷ் எதுவானாலும் பழைய காசின்மேல் படவே கூடாது என்று தங்கள் வாசகர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைப்பதும், மலிவான பிளாஸ்டிக் உறைகளில் அடைப்பதும் வெள்ளியைக் கெடுக்கும். விளிம்பை மட்டும் பிடித்து எடுத்து, காய்ந்த காகித உறையில் தனித்தனியாக இட்டு, ஈரம் படாத இடத்தில் வைத்தால் போதும்.

நகைக்காக வளையம் பற்றவைத்த காசுகளும் இப்படியே மதிப்புக் குறைந்துபோனவை. பவேரியாவில் ஆண்கள் தோல் காற்சட்டையின் முன்னால் தொங்கவிடும் வெள்ளிச் சங்கிலிகளில் பழைய தாலர்களைக் கோப்பது வழக்கம். வளையத்தை எடுத்துவிட்டாலும் விளிம்பின் உச்சியில் பற்றுவைத்த தடம் மறையாது. காசுமாலை செய்யும் நம் பத்தர்கள் அந்தத் தடத்தை ஒரு நொடியில் கண்டுகொள்வார்கள்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பழைய ஜெர்மன் வெள்ளி எல்லாமே அரிய பொருள் என்று நான் வாதிடவில்லை. 1908 முதல் பிரஷ்யா ஏராளமாக அடித்த மூன்று மார்க் காசுகளில் தேய்ந்தவை, வெள்ளி விலையை ஒட்டிய விலைக்கே கைமாறுகின்றன. ஆஸ்திரியாவை ஆண்ட அரசி மரியா தெரேசாவின் முகத்தோடு, 1780 என்ற ஆண்டு பொறித்த மரியா தெரேசா தாலர் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. இன்றைய பவேரியாவிலுள்ள கியுன்ஸ்பர்க்கில், அந்த அரசியின் ஹாப்ஸ்பர்க் குடும்ப ஆட்சிக்கு உட்பட்ட நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட அந்தக் காசை எத்தியோப்பியாவிலும் செங்கடலின் இரு கரைகளிலும் மக்கள் மிகவும் நம்பினார்கள். அதனால் அரசியார் 1780இல் மறைந்த பிறகும் அதே முகம், அதே ஆண்டோடு இரண்டு நூற்றாண்டுகளாக அது அடிக்கப்பட்டு வந்திருக்கிறது. வியன்னாவில் மட்டுமின்றி ரோம், பாரிஸ், லண்டன் ஆகிய நகரங்களிலும், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நம் பம்பாய் நாணயச்சாலையிலும் அது அடிக்கப்பட்டது. ஆண்டைப் பார்த்து அதை 1780ஆம் ஆண்டுக் காசு என்று பெரும் பணம் கொடுத்து வாங்குபவர் ஏமாறுவார். பம்பாயில் பிறந்த காசு என்று அறிந்து வாங்குபவருக்கு அதில் வேறொரு மகிழ்ச்சி உண்டு. போலிகளும் மலிந்திருக்கின்றன. சாக்சனி 1917இல் லூதர் தொடங்கிய கிறிஸ்தவச் சமயச் சீர்திருத்தத்தின் நானூறாம் ஆண்டுக்காக, லூதரைக் காத்த சாக்சனி ஆட்சியாளர் ‘ஞானி’ ஃபிரெடெரிக்கின் உருவத்தோடு அடித்த மூன்று மார்க் காசுகள் மொத்தமே 100தான். அது தம்மிடம் இருப்பதாக யாராவது சொன்னால் மிகுந்த ஐயத்தோடு அணுக வேண்டும்.

ஐயத்தைத் தீர்க்க உரைகல்லில் உரைக்க வேண்டியதில்லை; அமிலத்துளி விடவும் வேண்டாம். நான் செய்வது இதுதான். நகைத் தராசின் மேல் கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீர் வைத்துக் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவேன். பின்பு காசை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியையும் பக்கங்களையும் தொடாதபடி தண்ணீருக்குள் தொங்கவிடுவேன். 18.52 கிராம் எடையுள்ள நல்ல ஒன்றியத் தாலர் என்றால் தராசு 1.8 கிராம் காட்டும். முதல் எடையை இந்த இரண்டாம் எடையால் வகுத்தால் 10.3 என்ற அளவில் விடை வர வேண்டும். செம்பு கலந்த 900 பங்கு வெள்ளியின் அடர்த்தி அதுதான். வெள்ளி முலாம் பூசிய பித்தளையோ செம்போ என்றால் விடை ஒன்பதைக்கூட எட்டாது. பிறகு காசைத் தேய்க்காமல் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். இந்தச் சோதனையால் காசுக்கு எந்தக் கீறலும் விழாது.

எனவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, அந்தப் படக்குறிப்புக்கு ஒரு சிறு திருத்தத்தை அதே பக்கத்தில் வெளியிட வேண்டும். இரண்டாவது, வெளிநாட்டில் வேலை பார்த்த தந்தையோ தாத்தாவோ விட்டுச்சென்ற வெள்ளிக் காசு யாரிடமாவது இருந்தால், கடைத் தராசுக்குப் போகுமுன் அதன் இரு பக்கங்களையும் விளிம்பையும் தெளிவாகப் படமெடுத்து, விவரம் அறிந்த நாணயச் சேகரிப்பாளர் ஒருவரிடமோ அருங்காட்சியகத்திலோ காட்டுமாறு தங்கள் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகும் விற்பதாக முடிவெடுத்தால் அது அவரவர் தேவை, அவரவர் உரிமை. அதில் தலையிட எனக்கு இடமில்லை.

தங்கள் படத்தில் இருந்த காசு அச்சில் மிகவும் மங்கலாக விழுந்திருந்ததால், உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தும் அந்த முகம் யாருடையது என்று என்னால் உறுதி செய்ய இயலவில்லை. அதன் உரிமையாளர் இன்னும் அதை விற்றுவிடவில்லை என்றால், கழுத்தின் கீழே என்ன எழுத்து இருக்கிறது, விளிம்பில் என்ன வாசகம் ஓடுகிறது என்பதைத் தங்கள் அலுவலகத்திற்கு எழுதித் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த விவரம் கிடைத்தால், காசு எந்த அரசினுடையது என்பதைத் தங்கள் பத்திரிகை வழியாகவே அவருக்குச் சொல்லக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி